சுவரோரப் பெஞ்சு

எங்கள் தெருவில் இனி வண்டிகளை விடப்போவதில்லை என்ற செய்தி வந்த அன்று, தெருவில் எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. எனக்குப் பசி இருந்தது. பாய் கடையின் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்து இடியாப்பத்துக்காகக் காத்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் கருத்துகள் பறந்துகொண்டிருந்தன.

“அடைக்கட்டும்ங்கிறேன். பொம்பளைக நிம்மதியா நடந்து வந்து சேலை எடுப்பாக,” என்றார் எதிர்வரிசை ஜவுளிக்கடைக்காரர்.

“சேலையா? மலைக்குப் போறவுக சேலை எடுக்கவா கருக்கல்ல எந்திரிச்சு வர்றாக? ஜீப்பை எங்க கொண்டுபோயி நிறுத்துறது, ஒங்க கடைக்குள்ளயா?” என்றார் ஜீப்புக்கார அண்ணன். எஸ்டேட் வேலைக்குப் போகும் பெண்களைக் காலையில் மலைப்பாதை உச்சியான மெட்டுக்கு மேலே ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிறவர் அவர். வண்டியை நிறுத்திவிட்டு நேரே பாய் கடைக்குத்தான் வருவார்.

கல்லாவில் இருந்த பாய் அவரைப் பார்த்து “அதுவும் சரித்தேன்” என்றார். ஜவுளிக்கடைக்காரரைப் பார்த்தும் “அதுவும் சரித்தேன்” என்றார். சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கு அதற்கு மேல் கருத்து இருக்க முடியாது.

போடியில் இப்படித்தான். ஏலக்காய் விலை ஏறினாலும் பேசுவோம், இறங்கினாலும் பேசுவோம், அசையாமல் நின்றாலும் ஏன் நிற்கிறது என்று பேசுவோம். சாக்கடையைப் புதிதாகக் கட்டி, கல் பதித்து, ஆட்கள் மட்டும் நடக்கிற தெருவாக ஆக்கப்போகிறார்கள் என்றதும் ஊருக்குப் புது விலை கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் ஒரு கட்சி, சலூனில் ஒரு கட்சி. நான் பில் போடும் ஏலக்காய்க் கடையில், காய் பொறுக்கும் பெண்களுக்குள்ளேயே இரண்டு கட்சி.

எனக்கு அந்தத் தெருவில் சொந்தமாக எதுவும் கிடையாது. மாடியில் ஒரு அறை வாடகைக்கு. கீழே, நாலைந்து கடை தள்ளி, பாய் கடையின் சுவரோரப் பெஞ்சு. அது பாயுடைய பெஞ்சுதான். ஆனால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அந்த இடம் எனக்குக் கிடைத்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு ஆண் தனியாகக் கடையில் சாப்பிட்டால் அவருக்குப் பசிக்கிறது என்று அர்த்தம். ஐம்பது தாண்டிய ஒரு பெண் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டால் அவள் வீட்டில் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். மகன் துரத்திவிட்டானா, மருமகளோடு சண்டையா என்று பார்வையிலேயே கேட்பார்கள். எனக்கு மகனும் இல்லை, மருமகளும் இல்லை. கல்யாணமே ஆகவில்லை. அம்மாவும் நானும்தான் இருந்தோம். தம்பி திருப்பூரில் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து “சாப்பிட்டியாக்கா” என்று கேட்பான். சாப்பிட்டேன் என்பேன். அதோடு அந்த வாரப் பேச்சு முடிந்துவிடும்.

அம்மா போன பிறகு, ஒரு ஆளுக்குக் குழம்பு வைக்க எனக்குத் தெரியவில்லை. எவ்வளவு குறைத்து வைத்தாலும் மூன்று வேளைக்கு வந்து நின்றது. மூன்றாவது வேளை அதைச் சுட வைக்கும்போது எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும். ஒரு சாயங்காலம் பார்சல் வாங்கலாம் என்று பாய் கடைக்குப் போனேன். அடுப்பருகே ஆப்பம் ஊற்றிக்கொண்டிருந்த பாயம்மா, அதாவது பாயுடைய மனைவி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். அம்மா இறந்தது அவருக்குத் தெரியும்.

“பார்சலை வாங்கிட்டுப் போயி யாரோட சாப்பிடப் போறீக? இங்கனயே ஒக்காருங்க,” என்றார். சுவரோரப் பெஞ்சில் குவித்திருந்த வெங்காயச் சாக்கைக் காலாலேயே தள்ளி இடம் போட்டார்.

அந்த இடத்தில் உட்கார்ந்தால் முதுகு தெருவைப் பார்த்து இருக்கும். முகம் அடுப்பைப் பார்த்து இருக்கும். தெருவில் போகிறவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. ஆனால் கடையில் பேசுவது அத்தனையும் எனக்குக் கேட்கும். நான் பேச வேண்டியதில்லை. யாரும் என்னைப் பேசச் சொல்லவும் மாட்டார்கள். சுற்றிலும் ஆட்கள் மெல்லுகிற சத்தம், டம்ளர் வைக்கிற சத்தம், “அண்ணே, சால்னா கொஞ்சம் கொண்டா” என்கிற குரல். எனக்கு அது போதும். வருஷக்கணக்காக நான் மனிதர்களோடு சாப்பிட்டது அந்தப் பெஞ்சில்தான்.

தெருவை அடைப்பதைப் பற்றிக் கருத்துக் கேட்க ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். கடை வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வீடு வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம், வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, தானாகவே அப்படிப் பிரிந்துகொண்டார்கள். நான் நுழைந்து பார்த்துவிட்டு எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல், டீ கொடுக்கிற மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். நெடுநேரம் நின்றதில், இரண்டு பேர் என்னிடம் வந்து சர்க்கரை இல்லாத டீ கேட்டார்கள்.

எல்லாரும் பேசினார்கள். வியாபாரம் போகும் என்றார்கள், வியாபாரம் வரும் என்றார்கள், சாக்கடை நாறுகிறது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். மைக் எல்லாப் பக்கமும் சுற்றிவிட்டு நின்றுவிட்டது. எனக்கும் ஒன்று கேட்க இருந்தது. பாய் கடை இருக்குமா, அதில் பெஞ்சு இருக்குமா என்பதுதான் அது. அந்தக் கூட்டத்தில் எழுந்து அதைக் கேட்டிருந்தால் ஊர் ஒரு மாதம் சிரித்திருக்கும். டீ டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெருவை அடைத்தார்கள். இரண்டு முனையிலும் இரும்புத் தடுப்பு. நடுவில் பெரிய பள்ளம். கடைகளுக்குப் போகப் பலகை போட்டிருந்தார்கள். ஊரே ஏலக்காயாக மணக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். சாக்கடையைத் தோண்டிய மாதங்களில் அப்படிச் சொல்ல யாரும் வரவில்லை. ஜீப்புகள் ஊருக்கு வெளியே, மலைக்குப் போகும் சாலையில் நிற்க ஆரம்பித்தன. காலையில் மலைக்குப் போகிறவர்களும் சாயங்காலம் இறங்குகிறவர்களும் அங்கேயே ஏறி அங்கேயே இறங்கிப் போனார்கள். பாய் கடையில் ஆள் குறைந்தது. பிறகு ஆளே இல்லாமல் போனது.

உள்ளதைச் சொல்கிறேன். அந்த மாதங்கள்தான் எனக்கு அங்கே கிடைத்த நல்ல மாதங்கள். பலகையில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நான் கடைக்குள் போனால் பாயம்மா மட்டும் இருப்பார். பாய் வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊற்றுவதற்கு மாவு இருந்தது, சாப்பிட ஆள் இல்லை. பாயம்மா அடுப்பைத் தணித்துவிட்டு எனக்கு எதிரே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவார். கம்பத்தில் கட்டிக்கொடுத்த மகளைப் பற்றிச் சொல்வார். முழங்கால் வலியைச் சொல்வார். நான் அம்மாவைப் பற்றிச் சொல்வேன். கடைசி நாட்களில் அம்மா என்னைத் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டு திட்டியதைச் சொன்னபோது இருவரும் சிரித்துவிட்டோம். அதை நான் தம்பியிடம்கூடச் சொன்னதில்லை.

அவருக்குக் கடை படுத்துக்கிடந்தது, எனக்குப் பேச ஆள் கிடைத்திருந்தது. இரண்டும் ஒரே காரணத்தால்தான் என்பது தெரிந்தேதான் தினமும் போனேன்.

கடையைத் தூக்கி நிறுத்தியது ஜீப்புக்கார அண்ணன். ஒருநாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் வண்டியை விட்டுவிட்டு நடந்தே வந்தார்.

“பாய், மலைக்குப் போற புள்ளைகளுக்கு அங்கிட்டுத் திங்க ஒண்ணும் கெடைக்கல. வெறும் வகுத்தோட ஏறுதுக. நீங்க கட்டிக் கொண்டாந்தா என்ன? அவுக வந்து ஒக்காரணும்னு எதுக்குக் காத்துக் கெடக்கீக?”

பாய் தன் பழைய வண்டியில் பெட்டி கட்டி எடுத்துக்கொண்டு போனார். மலைப் பார்சலுக்கு ஒரு முறை உண்டு. ஜீப்பில் பத்துப் பேர் சேர்ந்து போனாலும் மேலே இறங்கியதும் ஆளுக்கொரு ஏலக்காட்டுக்குப் பிரிந்துவிடுவார்கள். அதனால் மொத்தமாகக் கட்டிக்கொடுத்தால் ஆகாது. ஆளுக்கு ஒரு பொட்டலம், அதிலேயே இட்லி, அதிலேயே சட்னி, மதியத்துக்கு ஒரு கட்டுச் சோறு. எத்தனை பேருக்கு என்று மட்டும் கேட்டால் போதும், மற்றது எல்லாம் கணக்காக வந்துவிடும். அது பிடித்துக்கொண்டது. பிறகு சாயங்காலம் இறங்கி வருகிறவர்கள் வீட்டுக்கும் அப்படியே கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பொட்டலம். பாத்திரம் கழுவ வேண்டியதில்லை, பங்கு பிரிக்கச் சண்டை இல்லை. ஊரில் பலரும் அப்படி வாங்க ஆரம்பித்தார்கள்.

கல் பதித்து முடித்து, மஞ்சள் விளக்குப் போட்டு, தெரு பார்க்க அழகாகத்தான் ஆனது. அடைக்கக் கூடாது என்று தொண்டை வறளக் கத்தியவர்களே சாயங்காலம் பேரப்பிள்ளைகளோடு வந்து நடந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு, “நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா” என்று போகிறவர் வருகிறவரையெல்லாம் கேட்டார். ஜீப்புக்கார அண்ணனுக்கு நெரிசலில் திரும்ப வேண்டியதில்லை. பாய் கடையில் முன்னைவிட வியாபாரம் கூடிவிட்டது.

வியாபாரம் கூடியதால் கட்டுவதற்கு இடம் போதவில்லை. முதலில் வாசல் மேசை போனது. பிறகு நடு மேசைகள் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கட்டும் மேசை ஆக்கினார்கள். பொட்டலம் கட்ட ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார்கள். சுவரோரப் பெஞ்சு மட்டும் கொஞ்ச நாள் இருந்தது. நான் அதில் உட்கார்ந்து சாப்பிடும்போது, அந்தப் பெண் இலைக்கட்டு எடுக்க என் தலைக்கு மேலே எட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு தடவையும் “மன்னிச்சுக்கங்கக்கா” என்பாள். நானும் ஒவ்வொரு தடவையும் குனிந்துகொள்வேன்.

ஒருநாள் போனபோது பெஞ்சு இல்லை. அந்த இடத்தில் சுவரோடு சுவராக இரும்பு அலமாரி நின்றது. பாய் ஓடி வந்தார்.

“இனிமே ஒங்களுக்கு அலைச்சலே இல்ல பாருங்க. போன் போட்டாப் போதும், மாடிக்கே குடுத்துவிட்டுர்றேன். இல்லாட்டி வந்து நின்னீகன்னா வெரசா கட்டித் தந்துருவோம். இந்தக் கூட்டத்துக்குள்ள எதுக்கு வந்து கஷ்டப்பட்டு ஒக்காந்து சாப்பிடணும்?”

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். கடையை மூடிவிடலாமா என்று யோசித்த மனிதர். “ரொம்ப நல்லதாப் போச்சு பாய்” என்றேன். பாயம்மா உள்ளே இருந்து என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார். கை நிறைய மாவு. பேச நேரமில்லை.

அறையில் கோரைப்பாயை விரித்து, பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டேன். அதே இடியாப்பம், அதே குழம்பு. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மேகம் இறங்கிய சாயங்காலங்களில் அதுவும் தெரியாது. டிவியைப் போட்டு வைத்தேன். டிவியில் வருகிறவர்கள் சாப்பிடுவதில்லை, சதா அழுகிறார்கள். அணைத்துவிட்டேன். நான் மெல்லுகிற சத்தம் எனக்கே கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு இடங்களில் உட்கார்ந்து பார்த்தேன். பெரிய சாலையில் புதிதாக ஒரு ஏசி ஹோட்டல் வந்திருந்தது. உள்ளே நுழைந்ததும் சப்ளையர், “ஒரு ஆளா மேடம்? ஃபேமிலி ரூமுக்கு வாங்க, நிம்மதியாச் சாப்பிடலாம்,” என்று கூட்டிப்போய் ஒரு தடுப்பறையில் உட்கார வைத்துத் திரையை இழுத்துவிட்டார். எட்டுப் பேர் உட்காரும் மேசை. நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுவிட்டு வந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கார அண்ணனிடம் சொல்லி மலைக்கு ஏறி, மெட்டுக்கு அப்பால், கேரளப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். சுற்றுலா வந்தவர்கள் மேகத்துக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். புட்டு கொண்டுவந்து வைத்த கடைக்காரர் அன்பாகத்தான் கேட்டார், “சேச்சி ஒற்றைக்கா?” என்று. ஆமாம், தனியாகத்தான் என்று தலையாட்டினேன். உடனே எனக்கு எதிரில் இருந்த மூன்று நாற்காலிகளையும் ஒரு குடும்பத்துக்காக எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. சும்மா கிடக்கும் நாற்காலியை யாரும் எடுக்கத்தான் செய்வார்கள்.

ஆகவே பாய் கடை வரிசைக்கே திரும்பினேன். போன் போட்டு வரவழைக்கவில்லை. வரிசையில் நிற்கிற நேரமாவது எனக்கு மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அதில் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. மலையிலிருந்து இறங்கிய பெண்கள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். யாரோ தன் கங்காணியைத் திட்டுவார்கள், யாரோ ஏலச்செடியில் பாம்பு பார்த்த கதையைச் சொல்வார்கள். என் தோளில் யாராவது கை வைத்துக்கொள்வார்கள். முன்னே நகர நகர எனக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

முதலில் இருந்த பெண் நின்றுவிட்டாள், இப்போது பொட்டலம் கட்டுகிற பெண் புதியவள். என்னைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. தலையை நிமிர்த்தாமல் எல்லாரிடமும் கேட்பது போலவே கேட்பாள்.

“எத்தன பேருக்கு?”

எனக்கு முன்னே நின்றவர் ஆறு என்றிருப்பார். அதற்கு முன்னே நின்றவர் நாலு. பின்னாலிருந்து ஒருத்தி எட்டு என்று அப்போதே கத்துவாள். ஒருநாள் என் முறை வந்தபோது, “ரெண்டு பேருக்கு” என்றேன். ஏன் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை. அவள் இரண்டு பொட்டலம் கட்டினாள், இரண்டு குழம்புப் பை வைத்தாள். கையில் வாங்கும்போது கனமாக இருந்தது. மாடிப்படி ஏறும்போது, மேலே யாரோ பசியோடு காத்திருப்பதால் கொஞ்சம் வேகமாகப் போக வேண்டும் போல ஒரு எண்ணம். கதவைத் திறந்தேன். ஒருவரும் இல்லைதான். ஒன்றைச் சாப்பிட்டேன், இன்னொன்றைக் காலைக்கு வைத்தேன். மறுநாளும் இரண்டு என்றேன். அதற்கடுத்த நாளும்.

என் கையில் இரண்டு பொட்டலத்தைப் பார்த்ததும் தெருவுக்கு வேலை கிடைத்துவிட்டது. சாக்கடையைப் பற்றியும் கல்லைப் பற்றியும் பேசி முடித்து வாய் சும்மா இருந்த நேரம். ஜவுளிக்கடைக்காரர், “தம்பி வந்துருக்காப்லயா?” என்றார். “விருந்தாளி” என்று பொதுவாகச் சொல்லிவைத்தேன். ஏலக்காய்க் கடையில் காய் பொறுக்கும் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

“யாருக்கா வந்துருக்காக? சொல்லுங்க, நாங்க யார்ட்டயும் சொல்லமாட்டோம்.”

“ஒறவுக்காரவுக.”

“ஆம்பளையா பொம்பளையா?”

“சோலியப் பாருங்கடி,” என்றேன்.

அதுவே போதுமாக இருந்தது. கண் காது மூக்கு வைத்துவிட்டார்கள். சின்ன வயதில் நின்றுபோன ஒரு சம்பந்தம் என்றது ஒரு கட்சி. திருப்பூர்த் தம்பியின் மகள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்றது இன்னொரு கட்சி. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னைப் பற்றி இத்தனை பேர் இத்தனை நேரம் பேசி நான் கேட்டதே இல்லை.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம். ஒரு வீட்டுக்கு வெளியூர் ஆள் வந்திருந்தால் அக்கம்பக்கத்திலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் போகும். தங்கள் வீட்டில் செய்தது எதுவோ அது. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, எதையாவது போட்டுத்தான் தர வேண்டும். எனக்குக் கிண்ணங்கள் வர ஆரம்பித்தன. ஜவுளிக்கடை வீட்டிலிருந்து பணியாரம், கீழ்வீட்டிலிருந்து சுண்டல். வாசலிலேயே நின்று வாங்கி, மறுநாள் சர்க்கரையோ வாழைப்பழமோ வைத்துத் திருப்பிக் கொடுத்தேன். “விருந்தாளிக்குப் புடிச்சிருந்துச்சா?” என்பார்கள். பிடித்திருந்தது என்பேன். அதில் பொய் இல்லை, எனக்குப் பணியாரம் பிடிக்கும்.

கடைசியில் பாயம்மா வந்தார். கடை விடுமுறையாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது. கிண்ணங்களில் வந்ததிலேயே வயிறு நிறைந்ததால் முந்தின நாள் வாங்கிய இரண்டு பொட்டலமும் அப்படியே இருந்தன, அதில் ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் என் அறைக்கு வந்ததில்லை. முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி, கையில் மூடி போட்ட தூக்குச்சட்டியோடு வந்து நின்றார். மற்றவர்களைப் போல வாசலில் நிறுத்த என்னால் முடியவில்லை.

“விருந்தாளிக்குச் சேமியாப் பாயசம். எங்கேக்கா அவுக?”

கடைத்தெருவுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்வதற்கு வார்த்தை தயாராக இருந்தது. அதைச் சொல்லாமல் கதவை விட்டு ஒதுங்கி அவரை உள்ளே விட்டேன். பாயம்மா அறையைப் பார்த்தார். ஒரு பாய். ஒரு தலையணை. ஒரு டம்ளர். பிரித்த பொட்டலம் ஒன்று, பிரிக்காத பொட்டலம் ஒன்று. அவருக்கு அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பாயில் உட்கார்ந்தார். பிரிக்காத பொட்டலத்தை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். இடியாப்பம் கட்டியாக ஒட்டிப்போயிருந்தது. பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

“நேத்துக் கட்டுனதா? கட்டி தட்டிப்போச்சே. இதையா திங்கிறீக?”

“சாப்பாட்டுக்கு ஒண்ணும் இல்ல பாயம்மா. எனக்கு ஒக்கார எடந்தேன் இல்லாமப் போச்சு.”

சொல்லிவிட்டு அழுதேன். அம்மா செத்தபோது வந்தவர்களைக் கவனிக்கிற வேலையில் நான் சரியாக அழக்கூட இல்லை. அன்றைக்கு ஒரு பெஞ்சுக்காக அழுதேன். எனக்கே வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. பாயம்மா தடுக்கவில்லை. எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், “ஒரு ஸ்டூலாச்சும் போட்டுரலாம்னு பாக்குறேன்க்கா. எங்க போட? உள்ள மூட்டை. வாசல்ல கூட்டம். நானே தெனமும் காலைல இருந்து நின்னுக்கிட்டுத்தேன் இருக்கேன். ஒக்காந்து ரெண்டு வாய் திங்க எனக்கே எடமில்ல அங்க,” என்றார்.

அது சாக்கு இல்லை. நான் தினமும் பார்த்ததுதான். இருவரும் அந்த இரண்டு பொட்டலத்தையும் சாப்பிட்டு முடித்தோம். எதிரே ஒருவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. பாயசத்தை என் ஒரே டம்ளரில் ஊற்றி மாற்றி மாற்றிக் குடித்தோம். அதற்குள் அவருடைய போன் அடித்தது. மறுநாள் மலையில் காய் எடுப்பு அதிகம், பொட்டலம் கூடுதலாக வேண்டும், அரிசி ஊறப் போட வேண்டும் என்று பாய் சொன்னது எனக்கே கேட்டது.

“வர்றேன்க்கா,” என்று எழுந்தார். படியில் அவர் இறங்குகிற சத்தம் நிற்கும்வரை கதவருகிலேயே நின்றேன்.

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. விருந்தாளி ஊருக்குப் போய்விட்டதாகத் தெருவில் அவரே சொல்லிவிட்டார் என்பது, கிண்ணங்கள் நின்றபோது தெரிந்தது. கடையிலும் எனக்காக ஒரு ஏற்பாடு செய்தார். அடுத்த நாள் சாயங்காலம் வரிசையில் போய் நின்றேன். பாயம்மா உள்ளே இருந்து என்னைப் பார்த்துவிட்டு, கட்டுகிற பெண்ணிடம் ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்களின் தலைக்கு மேலே ஒரு பொட்டலம் கை மாறி என்னிடம் வந்தது. சூடாக இருந்தது.

“ஒங்களுத மொதல்லயே எடுத்து வச்சாச்சுக்கா. இனிமே இந்தக் கூட்டத்துல நீங்க நிக்க வேணாம்!” என்று உள்ளேயிருந்து கத்திச் சொன்னார்.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். என்னால் முடிந்தமட்டும் மெதுவாக நடந்து போகிறேன். நான் வருவது தெரிந்ததும் மலைப் பெண்கள் “அக்காவுக்கு வழி விடுங்கடி” என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒரு பொட்டலம் கைக்கு வந்துவிடுகிறது. கட்டுகிற அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். எத்தனை பேருக்கு என்று கேட்பதில்லை.